கொடை வட்டமும் ரிவர்ஸ் போகாத வேனும்

அன்று காலை வேன் ஓட்டுநருக்கு ரிவர்ஸ் கியர் விழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டலாம் என்று கியரைத் தட்டினார். கரகரவென்று ஒரு சத்தம் வந்ததே தவிர வண்டி அசையவில்லை. பின்னால் நின்ற ஆம்புலன்ஸ் ஹார்ன் அடித்தது. காவலாளியும், அப்போதுதான் இறங்கியிருந்த நோயாளிகளில் இரண்டு பேரும் சேர்ந்து வேனைக் கையால் தள்ளினார்கள். நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்பே மூச்சு வாங்கியது.

அந்த வேனில் வருகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் மற்ற நாள்கள் ஓடும். நாலு மணி நேரம் அப்படிக் கிடந்து எழுந்தவர்களால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர முடியாது. ஓட்டுநர் முதலில் தன் தெருவிலிருந்த கணக்கு டீச்சரை மட்டும்தான் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு தச்சர் வந்தார், பேப்பர் கடை அக்கா வந்தார், அவர்கள் மூலமாக இன்னும் மூன்று பேர் வந்தார்கள். டீசலை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். இதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஓட்டுநரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கியர் பாக்ஸில் பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது, ரிவர்ஸ் போய்விட்டது, மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும், மாற்றினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு, எவ்வளவு செலவாகும் என்பதையும் சொன்னார். தொகையைக் கேட்ட ஓட்டுநர், மெக்கானிக் எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் வேனுக்கு அடியிலேயே படுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வீட்டுக்கு வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. யார் எதை அழுத்திச் சொன்னாலும் நம்பிவிடக்கூடிய நல்ல மனிதர்.

"மாப்பிள்ளை, கடன் கிடன்னு யார் வாசல்லயும் போய் நிக்காதீங்க. எங்க வட்டம் எதுக்கு இருக்கு?" என்றார்.

அவர் ஒரு கொடை வட்டத்தில் சேர்ந்திருந்தார். முப்பது பேர் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். சேர்ந்த பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். தனியாகக் கொடுப்பதைவிடக் கூடிக் கொடுப்பதில்தான் மகத்துவம் என்று மச்சான் விளக்கினார். சலவைக் கடையில் வேலை செய்யும் அவர் தங்கை, அதாவது ஓட்டுநரின் மனைவி, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "கூடிக் கொடுக்கறீங்களா, இல்ல கூடறதோட சரியா?"

மச்சான் இந்தக் கேள்வியை வட்டத்தில் எழுப்புவதாகச் சொன்னார்.

வட்டம் ஒரு பெரிய வீட்டின் மாடியில் கூடியது; மச்சான் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இங்கே தலைவர் என்று யாரும் கிடையாது, எல்லோரும் சமம் என்று அந்த வீட்டுக்கார அம்மாள் சொன்னார். அவர் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதுமான பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். தலைவர் கிடையாது என்பதால் அவரை 'மையப்புள்ளி' என்று அழைத்தார்கள். செயலாளர் மாதிரி இருந்த கண்ணாடிக்காரருக்கு 'ஆரம்' என்று பெயர். பணத்தை வைத்திருந்தவர் 'விட்டம்'. மற்றவர்கள் பரிதி. இந்தப் பெயர்களை முடிவு செய்யவே ஒரு மழைக்காலம் முழுக்கக் கூட்டம் நடந்தது என்று மச்சான் பெருமையோடு காதில் சொன்னார்.

முதலில் எல்லோரும் கண்ணை மூடி, வாழ்க்கையில் தாங்கள் முதன்முதலாகக் கொடுத்த பொருளை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பல் டாக்டர் ஒருவர், மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பையனுக்கு ரப்பர் கொடுத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இப்படி ஒரு சுற்று முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. ஓட்டுநரின் முறை வந்தது.

"ரிவர்ஸ் விழல மேடம். கியர் பாக்ஸ் மாத்தணும்."

மையப்புள்ளி கனிவாகச் சிரித்தார். "கியர் பாக்ஸ்ங்கறது வெறும் அறிகுறி. நாம வேரைப் பார்க்கணும். வேர்ல என்ன இருக்கு?"

ஓட்டுநர் நன்றாக யோசித்தார். "கியர் பாக்ஸ்தான் மேடம்."

ஆரம் அதைக் குறித்துக்கொண்டார். மையப்புள்ளி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்குமாகப் பேசினார். "முன்னெல்லாம் வசதியானவங்க மேல நின்னுட்டுக் கீழ போட்டாங்க. வாங்கறவங்க குனிஞ்சு எடுத்தாங்க. அந்தப் பாவத்தை நாங்க பண்ண மாட்டோம். நாங்க யாருக்கும் எதையும் கொடுக்கறதில்ல. கூடவே பயணம் பண்றோம்."

ஓட்டுநருக்கு நிஜமாகவே சந்தோஷமாகிவிட்டது. "தாராளமா வாங்க மேடம். காலையில ஆறு மணிக்கெல்லாம் எடுத்துடுவேன். எங்க ஏறிக்கறீங்க?"

எல்லோரும் மனம் விட்டுச் சிரித்தார்கள். இப்படிப்பட்ட வெள்ளை மனதுதான் சமுதாயத்தின் உண்மையான மூலதனம் என்று விட்டம் சொன்னார். ஓட்டுநரின் கோரிக்கையை அவசரப்பட்டுத் தீர்த்துவிடக் கூடாது, முதலில் அவரை முழுமையாகக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு மூன்று பேர் கொண்ட செவிமடுப்புக் குழு அமைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மச்சான், இது நல்ல அறிகுறி என்றார். கியர் பாக்ஸும் அறிகுறி என்றுதானே சொன்னார்கள் என்று ஓட்டுநர் கேட்டார். அது வேறு அறிகுறி என்றார் மச்சான்.

செவிமடுப்புக் குழு அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பது அவர்கள் விதி. ஓட்டுநர் கியர் பாக்ஸைப் பற்றிச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்கள் மூவரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மேலும் காத்திருந்தார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர் கிளட்ச்சைப் பற்றிச் சொன்னார். பிறகு, போன வருஷம் மாற்றிய டயரைப் பற்றி. அதுவும் தீர்ந்ததும், தன் பதினைந்தாவது வயதில் அப்பா இறந்ததைப் பற்றி, லாரியில் கிளீனராகப் போனதைப் பற்றி, இரண்டாவது குழந்தை தங்காததைப் பற்றி, மனைவியிடம்கூடப் பேசியிராததையெல்லாம் பேசிவிட்டார். கதவோரம் நின்ற அவர் மனைவி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழுவில் ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர்களுக்கு மனம் நிறைந்திருந்தது. இப்படி ஒரு அனுபவத்தை எங்களுக்குக் கொடுத்தீர்களே என்று ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். வேனுக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை, வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

ஓட்டுநர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டுக்காரரும் அவர் மகனும் வந்து தள்ளினார்கள்.

அன்று இரவு அவர் மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டு விஷயத்தை வாங்கிட்டுப் போனாங்க. எதையாவது கொடுத்துட்டுப் போனாங்களா?"

ஓட்டுநருக்கு ஏதோ திருட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் தானே எடுத்து நீட்டியிருந்ததால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

இதற்குள் ஊரில் வட்டங்கள் பெருக ஆரம்பித்தன. முதல் வட்டத்தில் நாற்காலிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு வந்து, அதிலிருந்து ஒரு வட்டம் பிரிந்தது. பிரிந்தது என்று சொல்லக் கூடாது, பூத்தது என்று சொல்ல வேண்டும் என்று ஆரம் திருத்தினார். பிறகு வக்கீல்களுக்கு ஒன்று பூத்தது. நீச்சல் குளத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று, நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, நாயைப் பிடிக்காதவர்களுக்கு ஒன்று. ஒரே அடுக்குமாடியில் மேல் மாடிக்காரர்கள் ஒரு வட்டமும் கீழ் மாடிக்காரர்கள் ஒரு வட்டமும் வைத்துக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் இணைக்க 'வட்டங்களின் வட்டம்' என்று ஒன்று ஏற்பட்டது. அதற்கு ஆபீஸ் வந்தது, ஆபீசுக்குக் குளிர்சாதனம் வந்தது.

வட்டம் ஆரம்பிப்பது சுலபமாக இருந்தது. உட்கார வைத்துக் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கஷ்டப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் வந்த உடனேயே எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு மனதைப் புண்படுத்தினார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசக்கூடிய, ஏற்கெனவே ஒரு வட்டத்தால் செவிமடுக்கப்பட்ட ஓட்டுநருக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. ஆளைக் காருக்குள் உட்கார வைத்து ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். வக்கீல்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்பதற்கு மிகவும் சிரமப்பட்டார்கள். நாய் வட்டத்தில் அவர் பேசி முடிக்கும் வரை ஒரு நாய் அவர் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. எல்லா இடத்திலும் அவர் கியர் பாக்ஸில் ஆரம்பித்தார். எல்லா இடத்திலும் அதைத் தாண்டி உள்ளே வரச் சொன்னார்கள்.

அவர் ஏன் போனார் என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அடுத்த கூட்டத்தில் முடிவாகிவிடும் என்றார்கள். டீச்சரும் தச்சரும் பேப்பர் கடை அக்காவும் ஒவ்வொரு பயணத்திலும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். போகாமல் விட்டு, போயிருந்தால் கிடைத்திருக்கும் என்று ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

இதற்கிடையில் மூன்றாம் கியரும் போய்விட்டது. வேன் இரண்டாம் கியரில் முக்கி முனகிக்கொண்டு போயிற்று. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் இருந்த வட்டங்களை எல்லாம் எண்ணிப் பார்த்த மெக்கானிக், வட்டத்துக்கு ஒரு பல் கொடுத்திருந்தாலே கியர் சக்கரம் முழுசாகியிருக்குமே என்றார்.

வட்டங்களின் வட்டம் ஆண்டு விழா கொண்டாடியது. ஒரு பெரிய ஓட்டலில் ஏற்பாடு. ஓட்டுநர் தன் வேனோடு வந்து 'உயிருள்ள சாட்சி'யாக மேடையில் நிற்க வேண்டும், அங்கேதான் அவருடைய விஷயம் அறிவிக்கப்படும் என்று ஆரம் போன் செய்தார். அது டயாலிசிஸ் நாள். நோயாளிகளைக் காலையில் இறக்கிவிட்டு வரலாம், திரும்ப ஏற்றும் நேரத்துக்கு முன்னால் கண்டிப்பாக அனுப்பிவிடுவோம் என்றார்கள். போய் வாருங்கள், இன்றைக்காவது ஒரு முடிவு தெரியட்டும் என்று டீச்சரே சொல்லி அனுப்பினார்.

வேனை ஓட்டல் முகப்பில் நிறுத்தச் சொல்லி அதற்கு ரிப்பன் கட்டினார்கள். ஓட்டுநர் தயங்கித்தான் நிறுத்தினார். முன்னால் பூந்தொட்டிகள் இருந்தன. வண்டி வெளியே வர வேண்டுமானால் பின்னால்தான் வர வேண்டும். அதைச் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வெளியூரிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் முதலில் பேசினார். கொடையைப் பற்றிப் பேசுவதே அவருக்குத் தொழில். அரங்கில் இருந்த நானூறு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "போன வருஷம் இந்த ஊர்ல ஒரே ஒரு வட்டம். இன்னிக்கு நாற்பது. எவ்வளவு கொடுத்தீங்கன்னு சிலர் கேக்கறாங்க. அது பழைய காலத்துக் கேள்வி. தாகமா இருக்கறவனுக்குத் தண்ணி ஊத்தறது ரொம்பச் சுலபம். யார் வேணாலும் ஊத்திடலாம். அவனோட தாகத்தைப் புரிஞ்சுக்கிட்டோமா? நாம புரிஞ்சுக்கிட்டோம். அவன் எவ்வளவு நேரம் நம்ம முன்னாடி தாகமா இருந்தானோ, அவ்வளவு ஆழமாப் புரிஞ்சுக்கிட்டோம்."

கைதட்டல் அடங்கவே நேரம் ஆயிற்று. அடுத்து விட்டம் வந்து, வருஷம் முழுக்கச் சேர்ந்த பொதுப் பணத்தில் கைவைக்காமல் பாதுகாத்திருப்பதைச் சொன்னார். கொடுத்துவிட்டால் குறைந்துவிடும், குறைந்தால் உறுப்பினர்களின் நம்பிக்கையும் குறைந்துவிடும் என்றார். இந்த விழாவுக்கான செலவு மட்டும் அதிலிருந்து போனது. அது செலவு அல்ல, முதலீடு.

ஓட்டுநரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பேப்பர் கடை அக்கா. மேடையில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து மெல்லப் பேசினார். எங்களுக்கு முடிந்துவிட்டது, அடுத்த ஷிப்டு நோயாளிகள் வந்துவிட்டதால் வெளியே அனுப்பிவிட்டார்கள், வெயிலில் நிற்கிறோம், டீச்சருக்குத் தலை சுற்றுகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். இதோ வந்துவிட்டேன் என்று ஓட்டுநர் எழுந்தார். அதே நேரத்தில் மையப்புள்ளி அவர் கையைப் பிடித்து மைக்குக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்.

"இவரை நாங்க ஒரு வருஷமாக் கேட்டோம்," என்றார் மையப்புள்ளி. "கடைசியில ஒண்ணு புரிஞ்சுது. இவருக்கு ஒரு கியர் பாக்ஸை வாங்கிக் கொடுத்தா இவரு வாங்கறவரா ஆயிடுவாரு. இவ்வளவு நல்ல மனுஷனை அப்படிக் கீழ இறக்க எங்க யாருக்கும் மனசு வரல. அதனால வட்டம் ஒருமனசா முடிவு பண்ணியிருக்கு. இன்னிலேர்ந்து இவரும் நம்ம உறுப்பினர். முதல் மாசச் சந்தா இவர் கட்ட வேண்டாம்."

அவர் சட்டையில் வட்டமான ஒரு பேட்ஜைக் குத்தினார்கள். நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஏதாவது சொல்லுங்கள் என்று மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

"நான் வண்டியை எடுக்கணும்," என்றார் ஓட்டுநர். "ரிவர்ஸ் கிடையாது. பின்னால தள்ளறதுக்கு ஒரு நாலு பேர் வேணும். ஆஸ்பத்திரியில நிக்கறாங்க."

அரங்கம் முன்னைவிடப் பலமாகத் தட்டியது. விமானத்தில் வந்தவர் மைக்கை வாங்கிக்கொண்டார். தள்ளுவதற்கு நாலு பேர்: இத்தனை வருஷமாகத் தான் ஊர் ஊராகச் சொல்லிவருவதை இந்த எளிய மனிதர் எப்படி ஒரே வரியில் சொல்லிவிட்டார் பாருங்கள் என்றார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, நீங்கள் அந்த நாலு பேரில் ஒருவரா என்று கேட்டுக்கொள்ளும்படி சொன்னார். எல்லோரும் பக்கத்தில் திரும்பிக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் ஆமாம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"இல்லீங்க, நிஜமாவே தள்ளணும்," என்றார் ஓட்டுநர். மைக் கையில் இல்லாததால் அது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

அவர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். வேனுக்குப் பின்னால் ஒரு கார் ஒட்டி நின்றது. இருந்தும் அவசரத்தில் முன்பக்கம் போய் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்; அசையக்கூட இல்லை. அப்போது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் படியிறங்கி ஓடிவந்தார். அது மச்சான். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. பின்னால் நின்ற காரின் டிரைவரைத் தேடிப்பிடித்து நகர்த்தச் சொன்னார். பிறகு இரண்டு பரிமாறுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் வேனில் ஏறி உட்கார, கார் டிரைவரும் சேர்ந்து நாலு பேரும் தள்ளினார்கள். வேன் ரிப்பனை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. மச்சான் அப்படியே ஏறிக்கொண்டார். ஷூ ஓட்டல் வாசலிலேயே கிடந்தது.

இரண்டாம் கியரில் போகிறபோது ஒரு இடத்தில் அவர், "நான்தான் மாப்பிள்ளை உங்களைக் கூட்டிட்டுப் போனேன்," என்றார்.

"ரோட்டைப் பாருங்க மச்சான். அந்தப் பக்கம் வண்டி வருதா?" என்றார் ஓட்டுநர்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவும் தச்சரும் மற்ற மூவரும் நிழலே இல்லாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் இல்லை. மயங்கி விழுந்தவரை மறுபடியும் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஓட்டுநர் வார்டுக்குள் போனபோது டீச்சருக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் ஓட்டுநரை ஒரு நல்ல திட்டுத் திட்டினார். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வருஷத்தில் யாரும் அவரிடம் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்ததும் கேட்டார்: "என்ன கொடுத்தாங்க?"

"உறுப்பினரா ஆக்கிட்டாங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கக் கூடாது, ஊசி நகரும் என்று நர்ஸ் அதட்டினார். கொஞ்சம் அடங்கிய பிறகு டீச்சர் சொன்னார்: "முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன். வட்டம்னா அந்தக் கோடு மட்டும்தான். உள்ள இருக்கறது எதுவும் வட்டத்துல சேர்த்தி இல்ல."

அன்று இரவு அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஓட்டுநர் போய்க் கூட்டிவந்தார்.

அதற்கடுத்த பயணத்தில், வேன் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் தச்சர் பேச்சை ஆரம்பித்தார். இப்படியே போனால் ஒரு நாள் நடுவழியில் நிற்போம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றார். தன்னால் முடிந்ததை அக்கா சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். பின்சீட்டிலிருந்த ஒருவர், தன்னால் இப்போது ஒன்றும் முடியாது என்றார். சரி என்றார்கள். ஒரு வேகத்தடைக்கும் அடுத்த வேகத்தடைக்கும் நடுவில் முடிவாகிவிட்டது. மெக்கானிக் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் அலைந்து இதே மாதிரி வேனின் கியர் பாக்ஸ் ஒன்றைத் தேடிப்பிடித்தார். கூலியை மெதுவாகக் கொடுங்கள் என்றார். மச்சான் வட்டத்துக்குப் போய், தான் போட்டதைத் திருப்பித் தர முடியுமா என்று விட்டத்திடம் கேட்டார். வட்டத்தில் பணம் உள்ளே வருவதற்குத்தான் வழி இருக்கிறது, வெளியே போவதற்கு இன்னும் வழி வகுக்கவில்லை என்று விட்டம் வருத்தத்தோடு சொன்னார். மச்சான் அந்த மாசச் சந்தாவைக் கட்டாமல் அதைக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

வேன் ஓடியது. முன்னாலும் போயிற்று, பின்னாலும் போயிற்று.

சேதி எப்படியோ வட்டங்களின் வட்டத்துக்கு எட்டிவிட்டது. ஒரு காலை, ஓட்டுநர் எல்லோரையும் ஏற்றுவதற்காகத் தெருமுனையில் நின்றபோது இரண்டு கார்கள் வந்தன. மையப்புள்ளியும் ஆரமும் ஒரு புகைப்படக்காரரும் இறங்கினார்கள். மையப்புள்ளிக்குக் கண் பனித்திருந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம நீங்களே ஒரு வட்டம் ஆரம்பிச்சிருக்கீங்க. ஒரு வருஷம் நாங்க போட்ட விதை இது," என்றார். இதை நாற்பத்தொன்றாவது வட்டமாக அங்கீகரித்துவிட்டதாகவும், இதன் மையப்புள்ளி யார் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் ஆரம் சொன்னார்.

"நாங்க வட்டமில்லீங்க," என்றார் தச்சர். "வேன்ல வரிசையாத்தான் உட்கார்றோம்."

ஆரம் அதையும் குறித்துக்கொண்டார். இன்றைக்கு உங்களோடு நான் பயணம் செய்யப் போகிறேன் என்றார் மையப்புள்ளி. நேரமாகிறது என்று ஓட்டுநர் சொல்வதற்குள் ஏறி, டீச்சர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டார். முதுகு வலிக்கும் என்று காரிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவரச் சொல்லி வைத்துக்கொண்டார். நல்ல தலையணை, பஞ்சு மாதிரி அமுங்கியது. டீச்சர் பின்னால் போய், சக்கரத்துக்கு மேலே குலுங்குகிற இடத்தில் உட்கார்ந்தார். புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டு இறங்கியதும் ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

படம் எடுத்து முடிந்ததும் தானும் இறங்கிக்கொள்ளலாம் என்று மையப்புள்ளி நினைத்திருக்க வேண்டும். அடுத்த முனையில் நிறுத்த முடியுமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில்தான் நிற்கும் என்றார் ஓட்டுநர்.

வார்டு வாசலில் புது நர்ஸ் ஒருத்தி, வந்தவர்களை ஒவ்வொருவராக எடை பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்ட மையப்புள்ளியைப் பார்த்ததும், "புதுசா? செருப்பைக் கழட்டிட்டு இதுல ஏறுங்கம்மா. எந்தக் கையில ஊசி போடறது? நீட்டுங்க," என்றாள்.

தான் யாரென்று மையப்புள்ளி விளக்க ஆரம்பித்தார். நர்ஸுக்கு நேரமில்லை. "அதெல்லாம் அப்புறம். கையை நீட்டுங்க முதல்ல."

மையப்புள்ளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டுநரிடம், வண்டி எப்போது திரும்பும் என்று கேட்டார். அவர்கள் முடிந்து வரும்போதுதான், நாலு மணி நேரம் ஆகும் என்றார் அவர். மையப்புள்ளி போன் செய்தார். கார் வந்தது. போய்விட்டார்.

நாலு மணி நேரம் கழித்து டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினார். அவருடைய சீட்டில் அந்தத் தலையணை கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டார்.

பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது ஓட்டுநருக்குப் போன் வந்தது. ஆரம் பேசினார். இன்றைய பயணம் எல்லோரையும் நெகிழ வைத்துவிட்டது என்று முதலில் சொன்னார். பிறகு, மையப்புள்ளியின் தலையணை ஒன்று வேனில் இருக்கிறதா, பார்த்து அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டார்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். டீச்சர் வாய் லேசாகத் திறந்திருக்க அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இல்லீங்க," என்றார் ஓட்டுநர். "இங்க அப்படி எதுவும் இல்ல."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, குலுக்காமல் வண்டியை எடுத்தார்.